ரசீது இல்லாத சரக்கு

பற்று, வரவு என்று இரண்டு பத்தி போட்டு எழுதாமல் எந்தக் கடையும் ஒரு நாள்கூட ஒழுங்காக நடப்பதில்லை. ஒரு மூட்டை மிளகாய் உள்ளே வந்தால் அதற்கொரு பட்டியல் உண்டு. ஒரு பெட்டி சவர்க்காரம் வெளியே போனால் அதற்கொரு ரசீது உண்டு. கடன் கொடுத்தவர் மறந்தாலும் பேரேடு மறப்பதில்லை. இப்படிக் கணக்கிலேயே பழகிய நம்மிடம், பட்டியலும் ரசீதும் இல்லாத ஒரு சரக்கு இந்நாளில் தினந்தோறும் வந்து சேருகிறது. அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை ஏதேனும் உண்டா? இதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

அந்தச் சரக்கு யாதெனில், முகம் தெரியாத நண்பர்கள் இணையத்தின் வழியே சொல்லும் யோசனை. கணினி மக்கர் செய்தாலும், கார் நடுவழியில் நின்றாலும், கைப்பேசியை எடுத்து நாலு வரி எழுதுகிறோம். எங்கோ இருக்கும் ஒருவர், நம் ஊரும் பேரும் அறியாதவர், தம் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் எழுதுகிறார். கூலி கேட்பதில்லை.

இந்த வழக்கம் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவர் 1979இல் ஒரு திட்டம் போட்டனர். 1980இல் அது யூஸ்நெட் என்னும் செய்தி வலையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசிக் கம்பி வழியே அழைத்து, சேர்ந்த செய்திகளைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். அதிலே கேள்வி கேட்பவர் பெருகினர். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரவே, அடிக்கடி எழும் கேள்விகளையும் அவற்றின் விடைகளையும் தொகுத்து வைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. ஒருவருக்குச் சொன்ன விடை பின்னால் வரும் நூறு பேருக்கும் உதவ வேண்டும் என்பதே அதன் கருத்து.

இந்த யோசனையின் மதிப்பை ஓர் உதாரணத்தால் காண்போம். ஒரு கடையில் பட்டியல் போடும் கணினி இருக்கிறது. இரவில் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால், தேதி பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கிறது. வங்கியின் பக்கத்தைத் திறந்தால், பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வருகிறது. கடைக்காரர் திருட்டுக் கும்பல் புகுந்துவிட்டது என்று பயப்படுகிறார். புதுக் கணினி வாங்கவும் துணிகிறார். கேட்டுப் பார்த்தால் ஒரு நண்பர் சொல்கிறார்: “கணினியின் தாய்ப்பலகையில் வட்டக்காசு போன்ற ஒரு சிறு பாட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்திருக்கலாம். வங்கிப் பக்கத்தின் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. உங்கள் கணினியின் தேதி தப்பாக இருந்தால், சான்றிதழ் செல்லாது என்றுதான் அது சொல்லும்.” பெரும்பாலும் சி.ஆர். 2032 என்று பொறித்திருக்கும் அந்த மூன்று வோல்ட்டுப் பாட்டரியின் விலை சில வெள்ளிதான். மிச்சமானதோ ஒரு கணினியின் விலை!

பழுது பார்க்கும் இடத்திற்கே நேராகப் போனால் என்ன என்று கேட்கலாம். போகலாம், நாணயமான மெக்கானிக்குகள் நிறையவே இருக்கிறார்கள். ஆயினும் 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளாதார அறிஞர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதியதை வியாபாரிகள் அறிந்திருத்தல் நலம். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் நல்ல வண்டிக்கும் நல்ல விலை தரத் தயங்குவார்; நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார்; முடிவில் மோசமானவையே மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

பழுது பார்ப்பதிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அமெரிக்காவில் 1996 முதல், புதிய கார்கள் தம் கோளாற்றைத் தாமே குறியெண்ணாகச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. ‘பி 0420’ என்ற எண் வந்தால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே இருப்பதாகக் கார் கருதுகிறது என்பது பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் கொண்ட அப்பாகம் விலை உயர்ந்தது. ஆனால், ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும், புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் அதே எண் வரலாம். எண் நோயின் அறிகுறியைத்தான் சொல்கிறது; காரணத்தைச் சொல்வதில்லை. பாகத்தை விற்பவருக்கு அதை மாற்றச் சொல்வதில் ஆதாயம் உண்டு. தொலைவிலுள்ள நண்பருக்கோ விற்க ஒன்றுமில்லை. அவர் சொல்லுக்குள்ள பெருமை இதுதான்.

அதே இடத்தில்தான் அச்சொல்லின் பலவீனமும் இருக்கிறது. விற்க ஒன்றுமில்லாதவருக்கு இழக்கவும் ஒன்றுமில்லை. கடையில் கெட்ட சரக்கு விற்றால் வாடிக்கைக்காரர் திருப்பிக் கொண்டுவருவார், விலை இறங்கும், பெயர் கெடும். அந்தப் பயம்தான் சரக்கைச் சரியாக வைத்திருக்கிறது. இலவச யோசனைக்கு விலையில்லை, உத்தரவாதமில்லை, திருப்பிக் கொடுக்க வழியுமில்லை. அப்படியானால் நல்ல யோசனையையும் கெட்ட யோசனையையும் பிரித்துக் காட்டுவது எது?

கேட்டவர் திரும்பி வந்து சொல்லும் சொல் ஒன்றுதான் என்போம். “நீங்கள் சொன்னபடி செய்தேன், சரியாயிற்று,” அல்லது, “செய்தேன், ஆகவில்லை.” இந்த ஒரு வரியே அச்சரக்கின் விலை, அதுவே ரசீது. இதைப் பலர் மரியாதை என்று கருதுகிறார்கள். செய்தால் நல்லது, செய்யாவிட்டால் குற்றமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நாம் அதைக் கடன் என்கிறோம்.

ஏன் கடன் என்றால், அதை அடைக்காதபோது நட்டப்படுபவர் ஒருவர் இருக்கிறார். சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்று ஓசை மட்டும் வருகிறது, கார் கிளம்பவில்லை. பாட்டரியை மாற்றச் சொல்கிறார் ஒருவர். மாற்றியதும் கிளம்புகிறது. “தீர்ந்தது, நன்றி!” என்று எழுதிவிட்டுப் போகிறார் கேட்டவர். சில நாளில் வண்டி மறுபடியும் நின்றுவிடுகிறது. குறை பாட்டரியில் இல்லை, அதற்குச் சக்தி ஏற்றும் ஆல்டர்னேட்டரில். முழுச் சக்தியுள்ள பாட்டரி ஓய்விலே சுமார் 12.6 வோல்ட்டு காட்டும்; எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது 14ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் புதுப் பாட்டரியும் தீர்ந்துபோகும். இதைப் பட்டறையில் அறிந்துகொண்ட அவர், முன்பு எழுதிய இடத்திற்குத் திரும்பவில்லை. ‘தீர்ந்தது’ என்ற பொய்க் கணக்கு அங்கேயே நிற்கிறது. அதை நம்பி எத்தனை பேர் வீணாகப் பாட்டரி வாங்குவார்களோ! யோசனை சொன்னவரும் தாம் சொன்னது சரி என்றே எண்ணி, அடுத்தவருக்கும் அதையே சொல்வார்.

அவர் பொய் சொல்ல நினைத்தாரா? இல்லை. ஆயினும் முடிக்காத கணக்கு, தப்புக் கணக்கைப் போலவே பிறரைக் கெடுக்கிறது. அமெரிக்க ஓவியர் ராண்டல் மன்றோ 2011இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், ஒருவன் தன் கணினிக் கோளாற்றையே அனுபவித்த வேறொருவரின் கேள்வியைக் காண்கிறான். 2003க்குப் பின் அதில் ஒரு சொல்லும் இல்லை. அவன் திரையைப் பிடித்து உலுக்கிக் கதறுகிறான். சிரிக்க வரைந்ததுதான், சிந்திக்கவும் தக்கது.

திரும்பிச் சொல்வதோடு, கேட்கும்போது உண்மையைச் சொல்வதும் இக்கடனில் சேர்ந்ததே. எஞ்சின்மீது தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய மறுநாள் கார் நின்றிருக்கும். கழுவியதை மறைத்துவிட்டு, “திடீரென்று நின்றுவிட்டது” என்று எழுதினால், பதில் சொல்பவர் இருட்டிலே துழாவ வேண்டியதுதான். வைத்தியரிடம் பத்தியம் முறித்ததை மறைக்கும் நோயாளியின் கதையே அது.

சொல்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்; ஆபத்துள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கச் சொல்லக் கூடாது. வெந்நீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். பிரேக், ஏர்பேக் முதலியவற்றைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடமே அனுப்ப வேண்டும். இதனால் பட்டறைக்காரர் பிழைப்பும் கெடாது. விவரம் அறிந்து வரும் வாடிக்கைக்காரரை நாணயமான தொழிலாளி வரவேற்கவே செய்வார்.

“உதவியவர் ஒன்றும் எதிர்பார்க்கவில்லையே, பிறகு கடன் ஏது?” என்று சிலர் வாதிக்கலாம். அவர் எதிர்பார்க்காதது அவருடைய பெருந்தன்மை. அதைக் காட்டி நம் பொறுப்பைத் தள்ளுபடி செய்துகொள்வது நியாயமாகாது. மேலும் இக்கடன் அவருக்கு மட்டும் உரியதன்று. நமக்குப் பின் அதே பழுதோடு வரப்போகிறவருக்கும் உரியது. அவர் நம் கையில் ஓர் அமானிதத்தை ஒப்படைத்தவர் போல. பெயர் மட்டும் தெரியாது.

ஆகவே, அடுத்த முறை ஒரு நண்பரின் யோசனையால் கணினியோ காரோ சரியானால், உடனே அல்ல, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, கேட்ட இடத்திற்கே திரும்பிச் செல்வோம். என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று மூன்று வரி எழுதுவோம். ஒரு குவளைத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது. ஐந்தொகை பார்க்காமல் ஆண்டுக் கணக்கை மூடாத நமக்கு, இந்தச் சிறு கணக்கைத் திறந்தபடி விட்டுவிட என்ன நியாயம் இருக்கிறது?