பழி யாரைச் சாரும்: வளர்ச்சிசார் குறைபாடும் உழைப்பின் அறமும்

உழைப்பை மனித மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளும் எந்த அறச் சிந்தனையும், தானே திட்டமிட்டுச் செயலாற்ற இயலாத மனிதரை எங்கே வைப்பது என்னும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். தமிழில் இக்கேள்வி பழமையானது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, பார்வையின்மை, கூன், பேச்சின்மை, செவிகேளாமை முதலியவற்றோடு அறிவு மயங்கிய நிலையையும் சேர்த்து எட்டு வகைக் குறைகளை எண்ணி, இத்தகைய பிறப்புகளால் பயனில்லை என அறிந்தோர் கூறியதாக எடுத்துரைக்கிறது. அறம், பொருள், இன்பம் மூன்றையும் பேணுவதே செல்வத்தின் பயன் என்று அரசனுக்கு உணர்த்துவதுதான் அப்பாட்டின் நோக்கம். ஆயினும் அந்த உயர்ந்த அறிவுரை, பயனற்றவர் எனச் சிலரை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டே தொடங்குகிறது என்பதை மறைக்க இயலாது.

திருக்குறள் இதைவிடப் பரிவான இடத்திலிருந்து பேசுகிறது. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 618ஆம் குறள், உறுப்புக் குறை எவருக்கும் பழி ஆகாது என்றும், அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் கூறுவதாகப் பலர் பொருள் கொள்வர். பரிமேலழகர் முற்பகுதியை விதியின்மை என்று கொள்கிறார். எவ்வாறு கொண்டாலும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. உடற்குறையுடையவரைப் பழியிலிருந்து விடுவிக்கும் அக்குறள், அறிந்து முயலும் ஆற்றலே குறைந்திருப்பவரைப் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. அவரிடம் இல்லாத அறிவையும் முயற்சியையும் எதிர்பார்த்துப் பழி கூறலாமா என்பதே இங்கு எழும் வினா.

வளர்ச்சிசார் குறைபாடு என்பது பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ தோன்றி வாழ்நாள் முழுவதும் தொடரும் நிலைகளைக் குறிக்கும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. நெடுங்காலமாக இவர்களுக்கு வேலை என்றால், தனியே அமைக்கப்பட்ட கூடங்களில் காகித உறை ஒட்டுவதும் மெழுகுவத்தி வார்ப்பதுமே என்று கருதப்பட்டது. முதலில் பயிற்சி, தகுதி வந்தபின் வேலை என்பது அக்கூடங்களின் விதி. தகுதி வந்துவிட்டதாக எவரும் அறிவிக்காததால் பயிற்சியிலேயே பலருடைய வாழ்நாள் கழிந்தது.

இவ்விதி 1970களில் அமெரிக்காவில் உடைக்கப்பட்டது. மார்க் கோல்டு என்னும் ஆய்வாளர், கடுமையான அறிவுசார் குறைபாடு உடையவர் எனப்பட்டோருக்கு மிதிவண்டி பிரேக்கின் பல பாகங்களைப் பிழையின்றிப் பொருத்தக் கற்பித்துக் காட்டினார். வேலையை மிகச் சிறு படிகளாகப் பிரிப்பதும், கற்பவர் ஒரு படியில் தடுமாறினால் அவரைக் குறை கூறாமல் கற்பிப்பவர் வேறு வழி தேடுவதும் அவருடைய முறை. இதன் தொழில்நுட்பத்தைவிட இதற்குள் இருக்கும் அறமே பெரிது: தோல்வியின் பழி கற்பவரிடமிருந்து கற்பிப்பவருக்கு இடம் மாறிவிட்டது. பணிப் பயிற்றுநர் ஒருவர் உடனிருக்க, சாதாரண ஊதியம் தரும் சாதாரணப் பணியிடத்திலேயே கற்றுக்கொண்டு வேலை செய்யும் துணையுடனான வேலைவாய்ப்பு முறை இவ்வாறு வளர்ந்து, 1986இல் அந்நாட்டு மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்தில் இடம்பெற்றது. இந்த நோக்கில் அந்தக் குறளை மீண்டும் அணுகினால், அறிந்து முயலும் கடமை தனி ஒருவரின் தலைக்குள் அடங்கியதன்று, அவரும் அவருடன் நிற்போரும் சேர்ந்து ஆற்றுவது என்று கொள்ள இடமுண்டு. அப்போது பழி, வேறு வழி தேடாத சுற்றத்தையே சாரும். உரையாசிரியர் எவரும் இவ்வாறு சொன்னதாகக் கூற வேண்டியதில்லை. குறளின் அறம் இதைத் தாங்கும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

துணையோடு செய்யப்படும் வேலை உண்மையில் அவருடைய வேலைதானா என்னும் ஐயம், பிறர் துணையின்றி நிற்பவரே முழு மனிதர் என்ற எண்ணத்திலிருந்து பிறப்பது. கடுமையான அறிவுசார் குறைபாடுடைய மகளின் தாயான மெய்யியலாளர் ஈவா கிட்டேயும், அலஸ்டேர் மெக்கின்டயரும் 1999இல் வெளியிட்ட தனித்தனி நூல்களில் இவ்வெண்ணத்தை மறுத்தனர். சார்பு என்பது சிலருக்கு நேர்ந்த விலக்கு அன்று, குழந்தைமையிலும் நோயிலும் முதுமையிலும் எல்லாருடைய வாழ்வுக்கும் அடித்தளம் என்பது இருவர்க்கும் பொதுவான நிலைப்பாடு.

துணை என்பது வேலையின் உள்ளுறுப்பே என்று ஏற்றால், அத்துணை எந்தப் பண்பாட்டின் மொழியில் பேசுகிறது என்பதும் அறக் கேள்வியாகிறது. பல பண்பாட்டு மக்களுக்குப் பணியாற்றும் சேவை அமைப்புகள் பெற வேண்டிய பண்பாட்டுத் தகைமை பற்றி, செனிகா பழங்குடியைச் சேர்ந்த டெர்ரி கிராஸ் முதலியோர் 1989இல் விரிவாக எழுதினர். தனிமனித விருப்பத்தை மையமாகக் கொண்டு பிறந்த வேலைவாய்ப்பு முறை, வேலையைக் குடும்பமே கூடி முடிவு செய்யும் தமிழகத்து வீட்டுக்குள் நுழையும்போது இத்தகைமை இன்றியமையாதது. மகனை வேலைக்கு அனுப்பத் தயங்கும் தாயின் அச்சத்தை அறியாமை என்று பெயரிடும் பயிற்றுநர், அவ்வச்சத்துக்குள் இருக்கும் வினைக் கோட்பாட்டைக் கேட்கத் தவறுகிறார். பிள்ளையின் நிலை முற்பிறப்பின் பயன் என நம்புபவரிடம் அந்நம்பிக்கையைப் பொய் என்று வாதிடுவதைவிட, அதற்குள்ளிருந்தே பேசுவது நேர்மையானதும் பயனுடையதும் ஆகும். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது. முதலாவது சேர்ந்து கிடக்கும் பழவினை, இரண்டாவது இப்பிறப்பில் நுகரப்படுவது, மூன்றாவது இப்போது செய்து ஈட்டுவது. பிள்ளையின் நிலையைப் பிராரப்தம் என்று கொண்டாலும், அவனுக்கு வழி திறப்பதும் அடைப்பதும் சுற்றியிருப்போர் இன்று ஈட்டும் ஆகாமியமே என்ற வாதத்தை அக்கோட்பாடே அனுமதிக்கிறது.

ஆயினும் பண்பாட்டை மதித்தல் என்பது அதன் ஒவ்வொரு தீர்ப்புக்கும் தலைவணங்குவதன்று. துப்புரவு வேலையைக் குடும்ப மானம் கருதி மறுக்கும் வீட்டில் பேசுவது பெரும்பாலும் சாதியே. தலைமுறைகளாகத் துப்புரவுக்குள் தள்ளப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு எளிய வேலை என்று அதையே பரிந்துரைக்கும் பயிற்றுநரிடமும் பேசுவது அதே சாதிதான். முன்னதைப் பண்பாடு என்றும் பின்னதை நடைமுறை அறிவு என்றும் ஏற்றுக்கொள்ளும் பயிற்சித் திட்டத்துக்குப் பண்பாட்டுத் தகைமை இருப்பதாகச் சொல்ல முடியாது.

குடும்பத்துக்கும் தனிமனிதருக்கும் இடையே யாருடைய விருப்பம் வெல்ல வேண்டும் என்பதற்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஓரளவு வழி காட்டுகிறது. அதன் 14ஆம் பிரிவு கூறும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை, பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் நம்பிக்கையோடு சேர்ந்து எடுக்கும் கூட்டு முடிவு. அது குறித்த காலத்துக்கும் குறித்த முடிவுக்கும் உட்பட்டு, மாற்றுத்திறனாளியின் விருப்பத்துக்கு இணங்க நடக்க வேண்டும். பேசாதவரின் விருப்பத்தை அறிய முடியாது என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதன்று. அச்சகம், நாற்றுப்பண்ணை, உணவகச் சமையலறை என வெவ்வேறு இடங்களில் சில நாட்கள் வேலை செய்யவிட்டால், எங்கே அவர் கை தானாக நீள்கிறது, எங்கே முகம் சுருங்குகிறது என்பது உடனிருப்பவருக்குத் தெரியும். ஆகவே பயிற்சி நிறுவனங்களும் பெற்றோரும் வேலைத் திட்டத்தை எழுதும் முன் இந்தச் சில நாட்களை அவருக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். அவர் விருப்பம் அறியாமல் எழுதப்பட்ட திட்டத்தில் எவரும் கையொப்பமிடக் கூடாது.