தவலையின் விளிம்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டித் தாத்தா பேரில் கிடந்த முக்கால் ஏக்கரை விற்பதென்று முடிவானபோதுதான் முதன்முதலாக எங்கள் வம்சாவளியை எழுதினேன். தாத்தாவை மேலே வைத்துக் கோடு இழுத்தேன். பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அவர்களுக்குக் கீழே நாங்கள். அரைமணியில் வேலை முடிந்தது. வக்கீல் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உங்க தாத்தாவுக்குப் பொண்ணே பொறக்கலையா சார்?”

பிறந்தார்கள், மூன்று பேர். மறைக்க வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. கை தானாகவே அப்படி எழுதிவிட்டது. அதுதான் உறுத்தியது.

பெரிய அத்தை சூலூர்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தார். வாரிசுச் சான்றிதழில் பெயர் இருந்ததால் விடுதலைப் பத்திரத்தில் அவர் கையெழுத்து வேண்டும். பங்குக்குப் பதிலாக ஒரு பட்டுப்புடவையும் கொஞ்சம் பணமும் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “கையெழுத்து வேணும்னா மட்டும் நான் இந்த வூட்டுப் பொண்ணு. இல்ல நைனா?” பதில் தெரியாமல் இன்னொரு டீ சொன்னேன்.

பெண்களை விட்டுவிட்டு வம்சாவளி எழுதும் இந்தக் குறை எனக்கு முன்பும் இருந்தது. இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-இல் 31 ஏடுகள் கொண்ட ஒரு செப்பேட்டுக் கட்டு கிடைத்தது. முதலாம் ராஜேந்திரன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம். கொடுத்த ஊரைச் சொல்லுமுன் கொடுத்தவனின் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. அரசனுக்குப் பின் அரசன் என்று போகிற வரிசையில் பெண்கள் அபூர்வம். சுந்தர சோழனின் அரசி வானவன் மாதேவி வருகிறாள். கணவன் இறந்ததும் தானும் உடன் இறந்ததற்காக வருகிறாள். அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க ஒரு பெண் அவ்வளவு செய்யவேண்டியிருந்தது.

மற்ற அரசிகளைத் தேட வேண்டுமென்றால் கோயில் சுவருக்குத்தான் போகவேண்டும். விளக்கு, நகை, திருமேனி என்று அவர்கள் கொடுத்ததைப் பதிந்த கல்லில் யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற விவரம் கிடைக்கும். ராஜராஜனின் அக்கா குந்தவை வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி என்பது தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த தானங்களின் கல்வெட்டில் இருக்கிறது. (கல்கி அந்த ஜோடியைக் கற்பனையில் சேர்த்துவைத்தார் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.)

பெண் கொடுத்த பொருளில் அவள் பெயர் தங்கும் என்று புரிந்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பரண் நினைவுக்கு வந்தது. அங்கே ஆயாவின் பித்தளைத் தவலை ஒன்று கரி பிடித்துக் கிடந்தது. இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தோம். விளிம்புக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு வரிகள். கீழ்வரி தமிழ்: ஆயாவின் பெயர், பக்கத்தில் 52 என்று வருஷம். மேல்வரி தெலுங்கு. எனக்குத் தெலுங்கு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. படம் எடுத்துக்கொண்டுபோய்க் கம்பெனியில் என் ஷிப்டில் வேலை செய்கிற தடாக்காரரிடம் காட்டினேன். வீட்டுப் பெயரின் முதலெழுத்தையும் ஒரு பெண்ணின் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். எங்கள் வீட்டில் யாருமே கேள்விப்படாத பெயர். அத்தைக்குப் போன் போட்டேன். “எங்கம்மாவைப் பெத்த ஆயா பேரு அது!” என்றார். தாய் மகளுக்குக் கொடுத்த சீர் அந்தத் தவலை. அன்று ஒரு மணி நேரம் போனை வைக்கவில்லை. ஆந்திராவில் நாயுடுபேட்டைப் பக்கம் நான்கு வீடுகள், யார் யாருக்கு என்ன முறை, எந்தக் கல்யாணம் எதனால் நின்றது, எல்லாம் அவர் வாயில் இருந்தது.

எல்லை தாண்டிப் பெண் கொடுத்து எடுப்பதில் சோழர்கள் எங்களுக்கு முன்னோடிகள். ராஜராஜன் தன் மகள் குந்தவையை (அக்காவின் பெயரேதான்) வேங்கிச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன் தாய்மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையைக் கட்டினான். அவர்களுக்குப் பிறந்தவனும் தாய்மாமன் மகளைத்தான் கட்டினான்: இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகி. அவன்தான் 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அப்பன் வழிக் கோட்டில் பார்த்தால் அவன் சாளுக்கியன், வெளியாள். பாட்டி, அம்மா, மனைவி மூவரும் சோழர் வீட்டுப் பெண்கள். நான் எழுதிய மாதிரித் தாளில் அவனுக்கு இடமே இருந்திருக்காது.

இடைக்கால இங்கிலாந்தின் பெண்களையும் ஆய்வாளர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் தேடுகிறார்கள். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், என்ன நிலம், யார் வாரிசு, வயது என்ன என்று அதிகாரிகள் விசாரித்து எழுதுவார்கள். கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு என்பதால் அவளும் அந்த விசாரணைகளில் வெளிவருவாள். நார்ஃபோக்கின் பாஸ்டன் குடும்பத்துக் கடிதங்கள் புகழ்பெற்றவை. அந்த வீட்டு மார்ஜரி தங்கள் பண்ணையை நிர்வகித்த ரிச்சர்ட் கால் என்பவரை ரகசியமாக மணந்தாள். 1469-இல் பிஷப் நேரில் அழைத்து விசாரித்தபோதும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. தாய் அவளை வீட்டுக்குள் விடவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு மார்ஜரி உண்டு. இரண்டாவது அத்தை தன் விருப்பப்படி கட்டிக்கொண்டவர். முப்பது வருஷம் எந்தப் பத்திரிகையிலும் அவர் பெயர் அச்சாகவில்லை, காதுகுத்துக்குக்கூடச் சொல்லியனுப்பவில்லை. பதிவு நாளன்று வந்தார். கேமராவைப் பார்த்தார், ரேகை வைத்தார், புடவையைத் தொடாமல் டீயும் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார். மகளுக்குப் பங்கு என்று 1989-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டு. 2005-இல் மத்திய சட்டம் மகனுக்குப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்றது. எங்களுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் விடுதலைப் பத்திரம் எழுதினோம்.

வம்சாவளியை மறுபடி வரைந்தேன். இரண்டு சார்ட் பேப்பரை ஒட்டியும் இடம் போதவில்லை. இரண்டாவது அத்தை பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் எனக்குத் தெரியாது.

உங்கள் பரணிலும் ஒரு தவலையோ அண்டாவோ கிடக்கும். பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போடுமுன் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். எழுத்து இருந்தால், அது யாரென்று சொல்லத் தெரிந்த அத்தை இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.