நண்பனின் இடம் யாருக்கு?

இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள்
வாசகம்: 2 சாமுவேல் 9:1-13



கல்லறைத் திருநாளுக்காகக் களை பிடுங்கினீர்கள். சிலுவைகளில் படிந்த பாசியைச் சுரண்டிக் கழுவி, சாமந்தி வைத்தீர்கள். மலைக்காற்றில் மெழுகுவர்த்தி அணையாதபடி கையால் மறைத்துக்கொண்டு நின்றீர்கள். இறந்தோருக்காக மன்றாடுவது நம் கடமை. ஆனால், தாய் தகப்பன் போனால் ஊரே வந்து துக்கம் கேட்கிறது. நண்பன் போனால், அவனோடு விளையாடிக் கிடந்தவனிடம் யார் கேட்கிறார்கள்? இன்றைய வாசகம் அவனுக்கானது.

தம் நண்பர் யோனத்தான் கில்போவா மலையில் மடிந்தபோது தாவீது ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதார், புலம்பிப் பாடினார். அரசரான பிறகு ஒருநாள், யோனத்தானை முன்னிட்டு நன்மை செய்ய அவர் குடும்பத்தில் யாராவது எஞ்சியிருக்கிறார்களா என்று விசாரித்தார். இருந்தது ஒரு மகன், மெபிபொசேத்து. ஐந்து வயதில், செவிலித்தாய் தூக்கிக்கொண்டு ஓடியபோது விழுந்து இரண்டு கால்களும் முடங்கியவன். லோதபாரிலிருந்து வந்தவன் நடுங்கியபடி முகங்குப்புற விழுந்தான். தாவீது அவனுக்குப் பாட்டனின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு விடாமல், தம் பிள்ளைகளோடு பிள்ளையாக நாள்தோறும் அரச பந்தியில் உட்கார வைத்தார். செத்துப்போன நண்பனுக்கு அவர் செய்த மரியாதை அது.

நம் காலத்திலும் இதைப் போல் ஒன்று நடந்தது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். விடுதியில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலருக்குத் தெரிந்திருக்கும். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். எடுத்த காரியம் கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரும்பாலும் எல்லாரும் ஒரே அணிக் கூட்டாளிகள். ஒருவன் அடிபட்டால் மற்றவன் காப்பாற்ற வேண்டும். ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள் பலர் இதைப் பேய் விளையாட்டு என்று பயந்ததும் உண்டு.

2008 மார்ச் 4 அன்று கைகாக்ஸ், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் காலமானார். இறுதிச் சடங்குக்குப் பின் குடும்பத்தாரும் நண்பர்களும் அவ்வூரில் ஒரு கூடத்தில் கூடி, மேசை போட்டு விளையாடினார்கள். மறு ஆண்டிலிருந்து அது ‘கேரி கான்’ என்ற விழாவானது. அவரை ஒருநாளும் பார்த்திராதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.

“சாவு வீட்டில் விளையாட்டா ஃபாதர்?” என்று பெரியவர்கள் கேட்பீர்கள். தொன் போஸ்கோவின் சபையார் நம் ஏற்காட்டில் நெடுங்காலமாக இருக்கிறார்கள்; அந்தப் புனிதரையே பாருங்கள். 1839இல் அவருடைய உயிர்த்தோழர் லூயிஜி கொமொல்லோ குருமடத்தில் இறந்தார். 1844இல் வந்த தொன் போஸ்கோவின் முதல் நூல் அந்த நண்பரின் வரலாறுதான். நண்பனை எழுதி வைத்த அதே மனிதர், தூரின் நகரத்து ஆதரவற்ற சிறுவர்களை விளையாட்டால்தான் சேர்த்தணைத்தார். துக்கமும் விளையாட்டும் அந்த ஒரே நெஞ்சில் இருந்தன.

ஆகவே பிள்ளைகளே, நண்பனின் நினைவு நாளில் அவன் நடத்திய விளையாட்டைத் தாராளமாக ஆடுங்கள். அவன் ஏற்ற பாத்திரத்தின் பெயரைச் சொல்லுங்கள், சிரியுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் அவன் உட்கார்ந்த நாற்காலியைப் பூ வைத்துப் பூட்டி வைக்காதீர்கள். நீங்கள் ஆடுவதைத் தள்ளி நின்று பார்க்கிற பையன் ஒருவன் இருப்பான். அவனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். விதிகள் தெரியாதென்றால் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கும் யாரோ ஒருவன் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தான்?

பெரியவர்களே, உங்களுக்கும் இதுவேதான். எஸ்டேட் லயனில் உங்களோடு கேரம் ஆடிய கூட்டாளியின் பிள்ளை இன்று என்ன படிக்கிறான் என்று தெரியுமா? அவன் தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறதா? தாவீது விசாரித்த பிறகுதான் மெபிபொசேத்து கிடைத்தான். இந்த வாரமே விசாரியுங்கள்.

நம் ஆண்டவரும் சாவதற்கு முந்தின இரவு நண்பர்களோடு பந்தியில்தான் இருந்தார். தம் நினைவாகச் செய்யச் சொன்னபோது நடுகல் கேட்கவில்லை. அப்பத்தைப் பகிரச் சொன்னார். அந்தப் பந்திக்குத்தான் இப்போது நாம் வருகிறோம். நம் நண்பர்களை ஆண்டவர் தம் விருந்தில் அமர்த்துவாராக. அவர்கள் விட்டுச்சென்றவர்களை நம் பந்தியில் அமர்த்த நமக்கு மனம் தருவாராக. ஆமென்.