பனிச்சிறுத்தையின் பசியும் கருணையின் விலையும்

கொல்லாமை என்னும் முதற் சீலத்தை மேற்கொண்டோரை நோக்கிப் பிறர் விடுக்கும் வினா ஒன்று நெடுநாளாக நம்மைத் தொடர்ந்து வருகின்றது. "எவ்வுயிரையும் கொல்லற்க என்கின்றீர், கொன்றே உண்ணும் புலியையும் சிறுத்தையையும் காக்கவேண்டும் என்றும் கூறுகின்றீர். ஆட்டின் உயிர் உயிரன்றோ?" என்பதே அது. இதனைக் குதர்க்கம் எனத் தள்ளிவிடுதல் எளிது. தள்ளலாகாது என்பது நம் கருத்து. இவ்வினாவை நாள்தோறும் எதிர்கொண்டு வாழும் பௌத்த மக்கள் லடாக்கிலும் ஸ்பிதியிலும் உள்ளனர். அங்கே இதனை எழுப்புவது பனிச்சிறுத்தை.

அவ்விலங்கின் வாழ்வை முதலில் அறிந்துகொள்வோம். நம் முன்னோர் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் இறங்கி வேலை செய்தனர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரம் ஏறினாலன்றிப் பனிச்சிறுத்தையின் நாடு தொடங்குவதில்லை. மரங்கள் நின்றுவிடும் எல்லைக்கும் மேலே, பாறையும் சரிவும் பனியுமே அதன் இருப்பிடம். சாம்பல் நிற உடலில் கரிய வளையங்கள். அது பாறையின்மீது படுத்திருந்தால் பத்தடி தொலைவிலும் கண்ணுக்குப் புலப்படாது. உடல் நீளத்தைக் கிட்டத்தட்ட எட்டும் தடித்த வால், செங்குத்தான சரிவில் பாயும்போது நிலை தடுமாறாமல் காக்கின்றது. உறங்கும்போது முகத்தை மூடிக் குளிரைத் தடுக்கின்றது. அடிப்பாதங்களிலும் மயிர் உண்டு. புலியைப்போல் முழங்க இதற்கு இயலாது.

பெரும்பாலும் தனியே திரியும் உயிர் இது. தன் இனத்தாருக்குச் செய்தி சொல்ல வேண்டுமாயின் பாறையில் சிறுநீர் தெளித்தும், நிலத்தைப் பின்கால்களால் கீறியும் விட்டுச் செல்லும். குளிர்காலத்தின் பிற்பகுதியில் இணை சேர்ந்து, மூன்று திங்களுக்குச் சற்று மேல் கருச்சுமந்து, இரண்டு மூன்று குட்டிகளை ஈனும். குட்டிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேலும் தாயுடன் இருந்தே வேட்டையைக் கற்கின்றன. நீல ஆடு எனப்படும் பரலும், ஐபெக்ஸ் என்னும் மலை வெள்ளாடுமே தலையாய இரை. எட்டுப் பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒன்றை வீழ்த்தினால், சில நாள் அருகிருந்து அதனைத் தின்று தீர்க்கும். இரை அருகிய நாடாதலின் ஒன்றிற்கே பெருநிலம் வேண்டும். தென் மங்கோலியாவில் கழுத்துப்பட்டைக் கருவி பூட்டி ஆராய்ந்தோர், பெண்ணுக்குச் சுமார் 124, ஆணுக்குச் சுமார் 207 சதுரக் கிலோமீட்டர் எனக் கணக்கிட்டனர். 2024 சனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் உள்ளவை 718. அவற்றுள் 477 லடாக்கிலேயே உள்ளன. மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் இயல்பினது.

இனி வினாவிற்கு வருவோம். பரலைக் கொல்லும் பனிச்சிறுத்தை பாவம் செய்கின்றதா? வினை என்று தம்மம் கூறுவது எண்ணத்தோடு கூடிய செயலையே. தேர்ந்துகொள்ளும் அறிவும் வேறு வழியும் உடையவனுக்கே சீலம் உண்டு. பசிப்பிணி துரத்த, புல்லைச் செரிக்கும் குடல் இல்லாத ஓர் உயிர் செய்வதனைக் கொலைஞன் செயலோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் இதனால் பரலின் துன்பம் துன்பமன்று என்றாகிவிடாது. நாட்காட்டியில் பனிச்சிறுத்தையின் படத்தைக் கண்டு "இயற்கையின் இசைவே இசைவு" என மெய்ம்மறப்போர், அது உண்ணும் வேளையைக் கண்டவரல்லர். ஓருயிர் மற்றோருயிரைத் தின்று நிற்கும் இவ்வுலகைப் பகவன் புத்தர் இசைவு என்னவில்லை, துக்கம் என்றார். அத்துக்கம் முழுவதையும் துடைக்க நமக்கு ஆற்றல் இல்லை. நம் கையில் உள்ளது நம் செயல் ஒன்றே. ஆகவே, மனிதன் சிறுத்தைக்கு என்ன செய்யவேண்டும் என்பதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடக் கூடும். ஆனால் இடையில் நிற்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் ஆட்டிடையன்.

இடையனின் பட்டிக்குள் ஒரு பனிச்சிறுத்தை இரவில் புகுந்துவிட்டால் ஓர் ஆட்டோடு நிற்பதில்லை. பத்தும் இருபதும் மாண்டு கிடக்கும். "பசிக்கு ஒன்று போதுமே, இது கொடுமையன்றோ?" என அவன் நெஞ்சு கொதிக்கின்றது. விலங்கியலார் கூறும் காரணம் வேறு. வெளியில் ஒன்றை வீழ்த்தியவுடன் மற்றவை ஓடிவிடும். வேட்டை வேகமும் அடங்கும். நாற்புறமும் சுவர் எழுந்த பட்டியில் ஓட இடமின்றி ஆடுகள் கண்முன்னே துள்ளிக் கதற, அவ்வேகம் அடங்க வழியில்லை. அன்றியும் தாழ்ந்த சுவர், திறந்த கூரை. பரல் மேய்ந்த புல்லை ஊர் மந்தை மேய்ந்து தீர்த்தமையால் மலையில் இரை குறைவு. இதிருந்தால் இதுண்டாகும், இது நீங்கின் இது நீங்கும் என்று சார்பிற்றோற்றம் கற்றவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. லடாக்கில் பட்டியின் சுவரை உயர்த்தி, மேலே கம்பிவலையிட்டு, இறுகும் கதவு பொருத்திய ஊர்களில் அத்தகைய இரவுகள் மறைந்தன.

ஆயினும் கம்பிவலைக்குப் பணம் வேண்டும். பகலில் மேய்ச்சலில் இழக்கும் கன்றுக்கு வலையும் உதவாது. இமாசலப் பிரதேசத்து ஸ்பிதியில் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் கிப்பர் என்னும் ஊர் உள்ளது. 1990-களில் அங்கு ஆராய்ந்த சாருதத்த மிஸ்ரா, சிறுத்தையாலும் ஓநாயாலும் ஒரு குடும்பம் ஆண்டுதோறும் இழப்பது, அம்மாநிலத்தின் தனிமனித ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழப் பாதிக்கு நிகர் என்று கண்டார். அந்த இடையனும் பஞ்சசீலம் அறிந்தவனே. அவனிடம் நாம் தொலைவிலிருந்து, "சகோதரா, கொல்லாதே" என்கின்றோம். சொல்லுவது நமக்குக் காசு செலவில்லாத காரியம்.

இங்கேதான் நாம் நின்று நினைக்க வேண்டும். ஆரியசூரரின் ஜாதகமாலையில் வரும் பெண்புலியின் கதையை நம்மவர் அறிவர். பசியால் தன் குட்டிகளையே தின்ன முனைந்த புலியைக் கண்ட போதிசத்துவர், உணவு தேடுமாறு சீடனை அனுப்பிவிட்டுத் தனித்திருந்தபோது, என் உடலிருக்கப் பிற உயிரின் ஊனை நாடுவானேன் என்று எண்ணித் தம்மையே கொடுத்தார். இக்கதையைத் தியாகத்தின் பெருமைக்காகவே எடுத்துரைப்பது வழக்கம். அதனுள் இருக்கும் நுட்பம் ஒன்றை நாம் தவறவிடுகின்றோம். அவர் கொடுத்தது தம்முடையதை. அயலான் பட்டியிலிருந்து ஓர் ஆட்டைப் பிடித்துவந்து புலிக்கு எறிந்துவிட்டுக் "கருணை செய்தேன்" என்று அவர் கூறவில்லை. பனிச்சிறுத்தையைப் போற்றும் நகரத்தார் பலர் செய்வது அதுவேயாகும். கருணை அவர்களுடையது, ஆடு இடையனுடையது.

தங்கவயலார்க்கு இக்கணக்கு விளங்காததன்று. 1880 முதல் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும் வரை இங்கிருந்து சென்ற பொன்னை அணிந்தவர் ஒருவர். நுரையீரலில் கற்றூசியை அணிந்தவர் மற்றொருவர். சயனைடு மேடுகளின் புழுதி காற்றடிக்கும்போது இன்றும் யார் வீட்டு முற்றத்தில் விழுகின்றது என்பதை நாம் அறிவோம். நாட்டின் நன்மை என்று சொல்லி அதன் செலவை ஏழையின் தலையில் ஏற்றுவதைக் கண்டித்துப் பேசிய நாம், உயிர்களின் நன்மை என்று சொல்லி அதனையே செய்யலாமா?

கிப்பர் ஊரார் கண்ட வழி எண்ணத்தக்கது. மைசூரில் 1996-இல் நிறுவப்பெற்ற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தோர் அவர்களோடு கலந்து, முதலில் ஊர் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியைப் பரல்களுக்கென விட்டுவைக்கச் செய்தனர். அதற்கீடாக ஊருக்குப் பணம் அளிக்கப்பட்டது. பரல்கள் பெருகின. பின்னர் 2002-ஐ ஒட்டி ஊரார் தமக்குள்ளேயே கால்நடைக் காப்பீடு ஒன்று தொடங்கினர். வெளியார் முதலில் ஒரு தொகை உதவ, உடையவர் தம் மாட்டுக்கு உரிய கட்டணம் செலுத்துவர். இழப்பு நேர்ந்தால் ஊர்க்குழுவே உண்மை கண்டு ஈடு வழங்கும். பொய்க் கணக்குக் காட்டினால் ஏமாறுவது அண்டைவீட்டான் பணம் ஆதலின், மேற்பார்வைக்கு அதிகாரி வேண்டியதில்லை. அறநூல் பலவற்றினும் இவ்வேற்பாட்டில் அறம் மிகுதி என்று நமக்குத் தோன்றுகின்றது.

சமயத் தலைவர்கள் சொல்லுக்கும் இதில் இடமுண்டு. 2006 சனவரியில் அமராவதியில் நடந்த காலச்சக்கர விழாவில், விலங்குத் தோல் அணிவதை விடுமாறு தலாய் லாமா திபெத்தியரைக் கேட்டுக்கொள்ள, திபெத்திலேயே மக்கள் விலையுயர்ந்த தோலாடைகளைத் தீயிலிட்டனர். அவர்கள் எரித்தது தம் சொந்த உடைமை என்பதையும் குறித்துக்கொள்க. லடாக்கின் சுஷுல் பகுதியிலோ, ஓநாய்களை வீழ்த்திக் கல்லெறிந்து கொல்வதற்கு முன்னோர் கட்டிய ஷங்டோங் என்னும் கற்குழிகள் இருந்தன. அண்மைக் காலத்தில் ஊராரும் பிக்குகளும் கூடி, அவற்றை இடித்துவிடாமல், விழுந்த விலங்கு வெளியேறுமாறு சுவரில் வழி திறந்துவிட்டு, அருகே ஒரு தூபியும் எழுப்பினர். அதே மக்களுக்குப் பட்டிகளுக்கான கம்பிவலையும் வந்து சேர்ந்தபோதுதான் அவ்வழி திறந்தபடியே நிற்கும் என நாம் நம்பலாம்.

நம் பக்கத்தில் பனிச்சிறுத்தை இல்லை, யானை உண்டு. பங்காருப்பேட்டை வட்டத்துக் காமசமுத்திரத்தை அடுத்த சிற்றூர்களில், எல்லைக் காடுகளிலிருந்து இறங்கும் யானைகள் கேழ்வரகையும் தக்காளியையும் மிதித்துச் செல்கின்றன. மனித உயிரும் போயிருக்கின்றது. மின்சாரம் பாய்ச்சிய வேலியை எழுப்பும் உழவனைப் பாவி என்று இதழில் எழுதுதல் நமக்கு எளிது. அரசு தரும் ஈடு ஒருபுறம் இருக்கட்டும். கிப்பர் ஊரார் அமைத்தது போன்ற ஒரு பொதுநிதியை இங்கும் தொடங்க ஒரு சிற்றூரும் ஒரு சங்கமும் போதும். வைசாகப் பௌர்ணமி அன்னதானத்திற்கென ஆண்டுதோறும் நாம் திரட்டும் பொருளில் ஒரு பங்கு அதற்கு முதலாகலாம்.