தராசும் சார்பும்

அரசியலில் ஒரு பக்கம் நின்றவர் நீதிபதியானால் நடுநிலை பிழைக்குமா? கேமரன் மலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கிராணியாகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. சம்பளம் தருவது நிர்வாகம். தராசின் எதிரே நிற்பவரோ நம்மவர்.

தலைச்சேரி வழக்கறிஞர் வி. ஆர். கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தின் முதற் பொதுவுடைமை அமைச்சரவையில் அமர்ந்தவர். 1973இல் இந்திரா காந்தியின் ஆட்சியில் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானபோது, சார்புடையவரென்று வழக்கறிஞர் சிலர் எதிர்த்தனர். சார்பே இல்லாத மனிதர் எங்குளர்? தம் சார்பு இன்னதென்று அறியாதவருக்கன்றோ நாம் அஞ்ச வேண்டும்!

1975இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாதென்றது. மேல்முறையீட்டில் அவர் வேண்டிய முழுத் தடையைக் கிருஷ்ணய்யர் ஜூன் 24இல் வழங்கவில்லை. பிரதமராக நீடிக்கலாம், மக்களவையில் வாக்களிக்கலாகாது என்றார். பதவி தந்த கைக்கும் அவ்வளவே நிறுவை. மறுநாள் இரவே நெருக்கடிநிலை பிறந்தது.