ஒளிப்படமும் உயிரிரக்கமும்

உண்ணும் பொருளிலும் உடுக்கும் பொருளிலும் உயிர்க்கொலை கலவாமல் காப்பது நம் இல்லங்களில் வழிவழியாக வந்த ஒழுக்கம். மாத்திரையின் உறை எதனால் ஆயது என்று மருந்துக் கடையில் கேட்கிறோம். இனிப்பின் மேல் ஒட்டிய வெள்ளித் தாளையும் ஐயத்துடன் நோக்குகிறோம். ஆயினும் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று நம் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சென்ற தீபாவளியன்று அது நமக்கு எதிர்ப்பட்டது. அதற்கு முழு விடை கண்டுவிட்டோம் என்று கூறுவதற்கில்லை. வாசகர்களும் உடனிருந்து சிந்திக்க வேண்டும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

ஒளி பொருளாகிறது

ஐரோப்பாவில் பயிலும் நம் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது ஒரு கருவியைக் கொண்டுவந்தாள். அதன் பெயர் ‘போலராய்டு லேப்’. 2019-ஆம் ஆண்டு வெளிவந்தது. கைப்பேசியின் திரையில் ஒரு படத்தை வரவழைத்து, அக்கைப்பேசியைக் கருவியின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். திரையிலிருந்து எழும் ஒளி, உள்ளே உள்ள வில்லைகளின் வழியே இறங்கி, அடியில் இருக்கும் படத்தாளில் படும். பின்னர் அத்தாள் இரண்டு உருளைகளுக்கிடையே நசுங்கி வெளியே வரும். அவ்வாறு நசுங்கும்போது தாளின் ஓரத்திலுள்ள சிறு பை உடைந்து, அதிலுள்ள வேதிப்பசை தாள் முழுவதும் பரவும். கால் மணி நேரத்தில் உருவம் தெளிந்துவிடும்.

பேத்தி தேர்ந்தெடுத்தது காலஞ்சென்ற நம் தமக்கையாரின் படம். ஒளிப்படம் என்றாலே விறைத்து நிற்கும் இயல்பினர் அவர். மொச்சை உரித்துக்கொண்டிருந்த வேளையில், தாம் படமெடுக்கப்படுவதை அறியாமல் வாய்விட்டுச் சிரித்த ஒரு கணத்தை எவரோ கைப்பேசியில் பிடித்திருந்தனர். ஒருபுறம் மின்கட்டண ரசீதின் படமும், மறுபுறம் யாரோ அனுப்பிய காலை வணக்கமுமாக, பல்லாயிரம் படங்களின் நடுவே அது புதைந்து கிடந்தது. தாளை முகம் கவிழ்த்து மேசையில் வைத்துக் காத்திருந்தோம். திருப்பிப் பார்த்தபோது உள்ளங்கையளவு சதுரத்தில் தமக்கையார் சிரித்துக்கொண்டிருந்தார். நம் கண்கள் நிறைந்தன. திரையில் பலமுறை கண்ட அதே முகம், கையில் ஏந்தத்தக்க பொருளாக வந்தபோது வேறு விதமாக நம்மைத் தொட்டது.

உடனடிப் படத்தின் வரலாறும் ஒரு குழந்தையின் ஏக்கத்தில் தொடங்கியதே. 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சாந்தா பே நகரில், எட்வின் லேண்ட் என்னும் அறிவியலறிஞர் எடுத்த படத்தை ஏன் அப்போதே பார்க்க இயலாது என்று அவருடைய மூன்று வயது மகள் கேட்டாள். அக்கேள்வியைப் பற்றிக்கொண்டு உழைத்த லேண்ட், 1947-இல் தம் முறையை அறிஞர் அவையில் செய்து காட்டினார். 1948-இல் முதற்கருவி பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. இலக்கமுறைப் படங்கள் பெருகியதும் அந்நிறுவனம் 2008-இல் உடனடிப் படத்தாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையைச் சிலர் காப்பாற்றி, 2010-இல் புதிய படத்தாளை வெளியிட்டனர். மறைந்துவிட்டதென்று எண்ணிய கலை இவ்வாறு மீண்டும் உயிர்பெற்று, இன்று கைப்பேசிப் படங்களையும் தாளில் ஏற்றுகிறது.

கரும்பலகையில் எழுதிய சொல்

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றிய பழக்கத்தால், அத்தாளுக்குள் நிகழ்ந்தது யாது என்று மனம் ஆராயத் தொடங்கிற்று. ஒளிபட்டு மாறுபவை வெள்ளி உப்பின் நுண்துகள்கள். அவற்றை ஏந்தி நிற்கும் படலம் எது? ஜெலட்டின். இந்த விடையைத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்ததும், பிறகு ஆண்டுதோறும் கரும்பலகையில் நம் கையால் எழுதியதும் இச்சொல்லே. மாணவர்களும் அதனை ஏட்டில் எழுதிக்கொண்டனர். அது எங்கிருந்து வருகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பையும் தோலையும் பதப்படுத்திக் காய்ச்சி எடுப்பது. 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஒளிப்படத் தகட்டில் அதனைப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். அதற்கு முன்னர்ப் படம் அச்சிடும் தாளில் முட்டையின் வெண்கரு பூசப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் ஒளிப்படச் சுருளில் ஜெலட்டினின் இடத்தை வணிக அளவில் வேறொன்று பிடிக்கவில்லை. 1920-களில் கோடக் நிறுவன ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் கண்டறிந்த செய்தி நம்மை மேலும் கலங்கச் செய்தது. சில ஜெலட்டின் வகைகள் ஒளிக்கு மிகுதியாக இசைந்ததற்குக் காரணம், அவற்றில் நுண்ணளவில் இருந்த கந்தகச் சேர்மங்களே. அவையோ மாடுகள் மேய்ந்த கடுகினச் செடிகளிலிருந்து வந்தவை. அப்பசு என்ன தின்றது என்பது வரை அப்படலத்தில் பதிந்திருக்கிறது. தமக்கையாரின் சிரிப்பு பெயர் அறியா ஓர் உயிரின் எலும்பின் மேல் எழுதப்பட்டிருந்தது.

காலையில் எழுந்ததும், படத்தாள் கெடாமல் இருக்கப் பேத்தி அதனைக் குளிர்பெட்டியில் தயிர்க் கிண்ணத்தின் அருகே வைத்திருப்பதைக் கண்டோம். உணவுப் பொதிகளில் உள்ள பச்சைப் புள்ளி படத்தாள் பொதியில் இல்லை. அதனை எடுத்து வெளியே வைத்து, காரணத்தை அவளிடம் சொன்னோம்.

பேத்தியின் வினா

அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “பாட்டி, அப்படியானால் கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் திருமணப் படம்?” என்று கேட்டாள்.

1974-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. அதன் அருகே நம் மாமனார் போற்றி வணங்கிய முனிவர் ஒருவரின் திருவுருவப் படமும் உள்ளது. இரண்டும் ஜெலட்டின் பூசிய தாளில் அச்சானவையே. பட்டாடையைத் துறந்து முப்பது ஆண்டுகள் ஆயின என்று பலரிடம் பெருமையாகக் கூறியிருக்கிறோம். அதே காலம் முழுவதும் அப்படங்களுக்கு நாள்தோறும் பூச்சூட்டி வந்தோம். பேத்தியின் வினாவுக்கு அப்போது நம்மிடம் விடையில்லை.

இறைச்சிக்காகக் கொன்ற விலங்கின் எச்சம்தானே எலும்பு, படத்துக்கென்று எந்த உயிரும் கொல்லப்படவில்லையே என்று சிலர் கூறலாம். இவ்வாதம் நம்மை அமைதிப்படுத்தவில்லை. வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் உளர் என்பதை வள்ளுவர் புலால் மறுத்தலில் நிறுவியுள்ளார். எலும்புக்கும் விலை கிடைக்குமாயின் அவ்விலையும் கொலைத்தொழிலின் ஊதியத்தில் சேரும். செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் சமயம் ஒருசேர எண்ணுகிறது.

படங்கள் அனைத்தையும் விலக்க வேண்டும் என்பதும் நேரிய விடையாகத் தோன்றவில்லை. இல்லறத்தார்க்கு முற்றும் தவிர்க்க இயலாத துன்புறுத்தல்கள் உண்டு என்பதை ஆசாரியர்கள் அறிந்தே விதிகளை வகுத்தனர். நம் திருமணத்தின்போது நினைவைக் காக்க வேறு வழி இருக்கவில்லை. பொருளின் மூலமும் நமக்குப் புலப்படவில்லை. இன்றைய நிலை வேறு. கைப்பேசியில் எடுக்கும் படத்துக்கு ஜெலட்டின் படலம் தேவையில்லை. கைப்பேசிக்கும் சுரங்கமும் மின்சாரமும் வேண்டும் என்பது உண்மையே. அதனைக் குற்றமற்றது என்று நாம் கூறோம். ஆயினும் ஒளிப்படக் கலை எலும்பின் துணையின்றி நடக்கக் கற்றுக்கொண்ட பின்னர், அவ்வாறு கிடைத்த படத்தை மீண்டும் எலும்பின் மேல் ஏற்றுகிறோம். அறிந்தபின் செய்யும் செயலுக்குக் கணக்கு வேறு.

ஏழு தாள்கள்

ஒரு பொதியில் எட்டுத் தாள்கள். ஒன்று செலவாயிற்று, ஏழு எஞ்சின. இனி இப்பொருளை வாங்குவதில்லை என்று முடிவு செய்வது எளிதாக இருந்தது. கையில் உள்ள ஏழை என் செய்வது? எறிந்துவிட்டால் உயிர் மீளாது. அது கொடுத்ததும் வீணாகும். விளையாட்டாகப் படமெடுத்துத் தீர்ப்பதற்கும் மனம் இசையவில்லை. இறுதியில் நாமும் பேத்தியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கைப்பேசிப் படம் எவருக்குப் பயன்படாதோ, தாளில் உள்ள படம் எவருக்கு உண்மையாகவே தேவையோ, அவருக்கு மட்டும் ஒரு தாள் தரலாம். எதனால் ஆயது என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் கொடுத்தால் அது பொய்யின்பாற்படும். அவள் ஊர் திரும்பப் பன்னிரண்டு நாள்கள் இருந்தன.

முதலாமவர் நம் வீட்டு வேலைக்கு உதவ வரும் அம்மையார். இறந்துபோன அவர் மகனின் படம், உடைந்த கைப்பேசி ஒன்றில் மட்டுமே இருந்தது. செய்தியைச் சொன்னபோது, “எதுவாயிருந்தாலும் அவன் முகம் அல்லவா?” என்றார். இரண்டாமவர் அடுத்த தெரு முதியவர்; மனைவியின் படம் ஒன்றும் அவரிடம் இல்லை. மூன்றாமவர் நம்முடன் பணியாற்றிய, நம் சமயத்தைச் சேர்ந்த ஆசிரியை. கைப்பேசியை இயக்கத் தெரியாதவர். தம் தாயாரின் படத்தை மிகவும் விரும்பினார். ஜெலட்டின் என்றதும் சிறிது நேரம் கண்மூடி இருந்துவிட்டு, “வேண்டாம், அம்மா. நீ வரும்போதெல்லாம் கைப்பேசியில் காட்டு, போதும்” என்றார். முந்தைய இருவரையும் குறைவாக எண்ண நமக்கு உரிமையில்லை. ஆனால் இவருடைய மறுப்பின் முன்னர் நாம் தலைகுனிந்தோம்.

அப்போதுதான் தமக்கையாரின் கணவர் நினைவுக்கு வந்தார். எண்பத்தைந்து வயதில் கண்ணொளி குன்றி, திரையின் ஒளியைத் தாங்க மாட்டாதவராக இருக்கிறார். அவருக்குப் புதிய தாள் ஒன்றைச் செலவிடப் பேத்தி எழுந்தாள். அவளை நிறுத்தி, நம் மேசையில் இருந்த படத்தையே எடுத்துச் சென்று, உண்மையைக் கூறி அவரிடம் கொடுத்தோம். அவர் அதனை முகத்தருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் வழியில் மனம் கனத்தது என்பதை மறைப்பானேன்? உடைமையைத் தத்துவார்த்த சூத்திரம் பற்றின் வழியாக விளக்குவதை மாணவப் பருவத்திலேயே மனனம் செய்திருக்கிறோம். உள்ளங்கையளவு தாளொன்றை இழந்த அன்றுதான் அதன் பொருள் நமக்குச் சற்றே விளங்கிற்று.

ஏழு தாள்களும் தேவைப்படும் என்று எண்ணித் தேடினோம். உண்மையான தேவை இரண்டுக்கே இருந்தது. எஞ்சிய ஐந்தும் கருவியுடன் பேத்தியோடு சென்றன. நம் கைப்பேசியில் இருந்த படங்களையும் இதே அளவுகோலால் அளந்து, பெரும்பகுதியை நீக்கிவிட்டோம். தமக்கையாரின் சிரிப்பு இப்போது தேடாமலே கிடைக்கிறது. கூடத்துப் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பூச்சூட்டும்போது, அவற்றை ஏந்தி நிற்கும் அந்த உயிரையும் நினைத்துக்கொள்கிறோம். அதனால் கடன் தீர்ந்துவிடாது. கடன் உண்டு என்பதை மறவாமல் இருக்கலாம்.

சென்ற வாரம் பேத்தியிடமிருந்து செய்தி வந்தது. நாளானால் தாள்களின் வண்ணம் மங்கும் என்று அவள் கவலைப்படுகிறாள். ஆயினும் ஐந்தும் இன்னும் அப்படியே இருக்கின்றனவாம்.