ஐம்பது கோடி ஆண்டு விருந்து

ஸ்வீடனில் வேனெர்ன் ஏரியை ஒட்டிக் கின்னெகுல்லே என்றொரு குன்று இருக்கிறது. அந்த நாட்டில் இப்படிப்பட்ட இடங்களிலுள்ள கரும்பாறையிலிருந்து ஒரு காலத்தில் படிகாரம் எடுத்தார்கள். தோல் பதனிடுகிறவர்களுக்கும் சாயக்காரர்களுக்கும் அது வேண்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாறை என்பதால் நன்றாக எரியும். சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகுக்குப் பதிலாகவும் போயிற்று. பாறைக்கு நடுவில் அங்கங்கே சுண்ணாம்புக்கல் உருண்டைகள் கிடக்கும். சுத்தியலால் தட்டினால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 'ஓர்ஸ்டென்' என்று பெயர். நாற்றக்கல் என்று பொருள்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளவுஸ் மியுல்லர் இந்தக் கல்லிடம் வந்தது பல் தேடி. கோனோடோன்ட் என்ற அந்தப் பற்கள் மணல் பருமன்தான் இருக்கும். விலாங்குக் குட்டி போன்ற ஓர் ஆதிப் பிராணியின் வாயில் இருந்தவை. கல்லை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும், பாஸ்பேட்டால் ஆன பல் கரையாது. அடியில் தங்கிய வண்டலை அலசி, உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழே பரப்பி, மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். உளுந்தில் கல் பொறுக்குகிற வேலை மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே கல் தானாகப் போய்விடும், உளுந்து மட்டும் மிஞ்சும்.

பல்லோடு வேறு சிலவும் மிஞ்சின. 1970களில் அவர் கவனித்தார்: வண்டலில் இருந்த குட்டிக் குட்டி ஓடுகளுக்குள் கால்கள் இருந்தன, காலில் மயிர் இருந்தது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியன் கடலின் இறால் வகையறா உயிர்கள், நேற்று செத்தவை போல. அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் நம் ஆளும் இருந்தார். டீட்டர் வாலொசெக்கும் மியுல்லரும் 1994-இல் இவரைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற உடம்பு. உருண்டைத் தலை, பின்னால் ஒடுங்கிய வால் போன்ற முண்டம். தலையில் இரண்டு ஜோடிக் கால்கள். அவை நடக்கிற கால்களல்ல. ஒவ்வொன்றின் நுனியும் உள்நோக்கி வளைந்த கொக்கி. முண்டத்தில் இன்னும் சில கால்கள் முளைக்கப் பார்த்து, வேண்டாமென்று விட்டது போல வெறும் மொட்டாக நிற்கின்றன. கொக்கியைப் பார்த்த மாத்திரத்தில் ஆய்வாளர்களுக்குத் தெரிந்துவிட்டது, இது யார் என்று. ஏனென்றால் இதே கொக்கியோடு இவருடைய வம்சம் இன்றும் இருக்கிறது.

நாக்குப்புழு என்று பெயர். புழு இல்லை, கணுக்காலி. சுமார் 130 இனங்கள். வாயைச் சுற்றியுள்ள நான்கு கொக்கிகளின் குழிகளையும் வாய் என்று எண்ணி ஐவாயர் என்ற பொருளில் கிரேக்கப் பெயர் வைத்துவிட்டார்கள். வாய் ஒன்றுதான். இதயம் இல்லை, மூச்சு விட உறுப்பு இல்லை. ஆனால் வாழ்வது பெரும்பாலும் பிறருடைய மூச்சுப்பாதையில். ஓர் இனம் நாயின் மூக்குக்குள் வாழ்கிறது. கிலுகிலுப்பைப் பாம்பில் இருந்த ஒன்றை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹம்போல்ட் விவரித்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கரப்பான்பூச்சியின் வழியாக வீட்டுப் பல்லியின் நுரையீரலுக்குப் போகிற இனமும் உண்டு. பல்லி எந்தத் திசையில் சொன்னது என்று காது கொடுத்துக் கேட்கிறோம். அதன் மூச்சுப்பையில் யார் குடியிருக்கிறார் என்று கேட்பதில்லை.

இவருடைய சொந்தபந்தம் யார் என்பதில் சச்சரவு தீரவில்லை. மீன் பேனின் விந்தணுவும் இதன் விந்தணுவும் ஒரே அச்சு என்று 1972-இல் கார்ல் விங்ஸ்ட்ராண்ட் காட்டினார், மரபணு ஆய்வுகளும் அந்தப் பக்கமே பேசுகின்றன. புதைபடிவத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒப்பவில்லை. உயில் வழக்கு போல இது நடந்துகொண்டிருக்கட்டும். என்னைத் தொந்தரவு செய்வது வேறு.

பல்லி, பாம்பு, நாய் எல்லாம் தரையில் வாழ்கிற, முதுகெலும்புள்ள பிராணிகள். கேம்பிரியன் காலத்துத் தரையில் அப்படி எதுவும் கிடையாது. அப்படியானால் இந்தக் கொக்கி யாருடைய சதையைப் பிடித்திருந்தது? கோனோடோன்ட் பிராணியாக இருக்கலாம் என்று ஓர் ஊகம். உண்மையென்றால், மியுல்லர் தேடிப் போன வீட்டுக்காரர் பல்லை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், வாசலில் வந்து நின்றது விருந்தாளி. 2015-இல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரிலிருந்து இன்னொரு சேதி வந்தது. 42 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறையில் ஒரு நாக்குப்புழு, ஆஸ்ட்ரகோட் என்ற இரட்டை ஓட்டுப் பிராணியைப் பிடித்தபடியே கல்லாகியிருந்தது. கையும் களவுமாக. ஆனால் அது சைலூரியன் கடல், ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டு பிந்தியது. கின்னெகுல்லே வகையறாவின் வீட்டுக்காரர் இன்னும் அகப்படவில்லை.

வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன். பாடப்புத்தகம் இன்னும் மரியாதையாகச் சொல்கிறது: விருந்தோம்பி, ஓம்புயிர். இரத்தம் கொடுக்கிறவனுக்கு இவ்வளவு அழகான பெயரை வேறு எந்த மொழி வைத்திருக்கிறதோ தெரியாது. விருந்து என்றால் புதுமை. முன்பின் அறியாதவர் வந்தால்தான் விருந்து. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று அதற்குக் கெடுவும் வைத்தோம். இந்த விருந்து வந்து ஐம்பது கோடி ஆண்டு ஆகிறது.

இப்படி வாழ்வதை இழிவு என்று முடிவுகட்ட ஆட்கள் இருந்தார்கள். ரே லாங்கெஸ்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் ஒட்டுண்ணிகளை உதாரணம் காட்டிச் சீரழிவு என்ற தலைப்பில் ஒரு சிறு நூலே எழுதினார். உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைத்தால் கால் போகும், கண் போகும், காது போகும் என்பது வாதம். மனிதர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. நூல் வெளியானது 1880-இல், லண்டனில். பிறர் சொத்தில் கொழுத்துச் சீரழிந்தவர்களுக்கு உதாரணம் தேடி அவர் ரோமாபுரி வரை போக வேண்டியிருந்தது.

அவர் சொன்ன வகைச் சீரழிந்த ஜாதிதான் நாக்குப்புழு. அது குடியேறிய கடலில் டிரைலோபைட்டுகள் கூட்டம் கூட்டமாக நீந்தின. 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பூண்டோடு போயின. கோனோடோன்ட் பிராணிகள் அதற்குப் பிறகும் ஐந்து கோடி ஆண்டு தாக்குப்பிடித்து, அவையும் போயின. கொக்கிக்காரர் கடலில் வீடு மாற்றி, பிறகு தரைக்கும் வந்து, பல்லி வரை வந்து சேர்ந்துவிட்டார். வழியில் அவர் தொலைத்தது அந்த மொட்டுக் கால்களை மட்டும்தான் என்று சொல்லலாம்.

வீட்டுக்காரர் ஏன் அகப்படவில்லை என்பதற்கு அந்தக் கல்லே ஒரு காரணம் வைத்திருக்கிறது. நாற்றக்கல்லில் சதையோடு மிஞ்சியவை எல்லாம் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்குகிறவை. அதற்கு மேல் உடம்புள்ளவை ஓட்டையோ பல்லையோ மட்டும் விட்டுச் சென்றன. சதையைக் காத்த பாஸ்பேட் எங்கிருந்து வந்தது என்று 2011-இல் ஹருயோஷி மயேடாவும் அவருடைய ஜப்பானியக் குழுவினரும் பார்த்தார்கள். இந்தச் சிற்றுயிர்கள் கிடைத்தது, நெருக்கமாக எச்சப் புழுக்கைகள் படிந்த மெல்லிய அடுக்குகளில். கடல் தரையில் ஒரு மலக்குழி, அதில் விழுந்த பொடிசுகளுக்கு மட்டும் அமரத்துவம். பெரிய உடம்போடு அந்தக் கடலில் திரிந்தவர்களுக்கு அந்தக் குழியில் இடம் கிடைக்கவில்லை.

பெயர் வைத்தபோது, இந்தப் புழுக்களோடு ஆயுளைக் கழித்த விலங்கியலாளர்களை மறக்கவில்லை. ஹைமன்ஸ், ஹாஃப்னர், பெக்கெலர் ஆகிய மூவர் பெயரிலும் ஆளுக்கொரு கேம்பிரியன் ஒட்டுண்ணிப் பேரினம் இருக்கிறது. அந்தத் துறையில் இதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. கேலி என்று நினைப்பவர்கள் வெளியாட்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பதென்றால் இத்தகைய மாதிரிகளுக்குத் தங்கத் தூவல் பூசுவார்கள். நகக்கண் அளவு உலோகப் பீடத்தில் ஏற்றுவார்கள். படத்தில் நான்கு கொக்கிகளும் தெளிவாகத் தெரியும், எதையோ இறுக்கிப் பிடித்த வளைவோடு. நடுவில் ஒன்றுமில்லை. விழுந்துவிடாமலிருக்கப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்.